கல்யாண வீடியோவைக் காசு செலவில்லாமல் கெடுப்பது எப்படி?

பட்டுப்புடவைக்கும் வீட்டுப் பத்திரத்துக்கும் நடுவே, அநேகமாக எல்லா வீட்டு பீரோவிலும் ஒரு டிவிடி இருக்கிறது. மணமக்கள் படம் போட்ட உறை, மூலையில் ஸ்டுடியோவின் பெயர், அதன் கீழே 2006 என்றோ 2008 என்றோ ஒரு வருஷம். அதை ஓட்டிய பிளேயர் என்றோ பழைய இரும்புக்காரரிடம் போய்விட்டது. புதிதாக வாங்கிய லேப்டாப்பில் டிவிடி போடும் இடமே கிடையாது. ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு யாராவது ஆரம்பிப்பார்கள்: "அந்தக் கல்யாண சிடியை டிவியில ஓடுற மாதிரி மாத்திக் குடுப்பா. நீதான் கம்ப்யூட்டர் படிச்சிருக்கியே."

இந்த வழிகாட்டி அந்தக் கம்ப்யூட்டர் படித்தவருக்காக. நீங்கள் படித்தது சிவில் எஞ்சினீயரிங்காகவும் இருக்கலாம், அதனால் பாதகமில்லை. முன்பெல்லாம் ஒரு கல்யாண வீடியோவைக் கெடுக்க வேண்டுமானால் ஸ்டுடியோவுக்குப் பணம் கட்ட வேண்டியிருந்தது. இன்று உலகின் கெட்டிக்கார நிரலாளர்கள் இருபது வருஷத்துக்கு மேல் உழைத்து எழுதிய மென்பொருள்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. அதே வேலையை வீட்டில் இருந்தபடியே நாமே செய்து முடிக்கலாம்.

தேவையானவை

கல்யாண டிவிடி ஒரு செட். இரண்டோ மூன்றோ இருக்கும். நடு டிவிடி காணாமல் போயிருந்தால் பாதி வேலை ஏற்கெனவே முடிந்தது. யுஎஸ்பியில் செருகும் டிவிடி டிரைவ், கடன் வாங்கியது. நாலு வருஷம் உழைத்த லேப்டாப். பென்டிரைவ் ஒன்று. "ராத்திரிக்குள்ள முடிச்சிரலாம்" என்ற நம்பிக்கை, வேண்டிய அளவு.

படி 1: இருப்பதிலேயே பெரிய பொத்தானை அழுத்துங்கள்

தேடும்போது மென்பொருளின் பெயரைப் போடாதீர்கள். "ஃப்ரீ வீடியோ கன்வெர்ட்டர்" என்று பொதுவாகப் போடுங்கள். முதலில் வருவது விளம்பரம், அதைத் திறங்கள். உள்ளே மூன்று "டவுன்லோடு" பொத்தான்கள் இருக்கும். எது பெரியதோ, எது பச்சையோ, எது மினுக்குகிறதோ அதுவே சரியான பொத்தான். நிறுவும்போது வரும் எல்லாக் கேள்விக்கும் "நெக்ஸ்ட்" கொடுத்தால், கன்வெர்ட்டரோடு ஒரு தேடல் பட்டையும் நீங்கள் கேட்காத ஓர் ஆன்டிவைரஸும் வந்து சேரும். மாற்றி முடித்த வீடியோவில் மணமகளின் நெற்றிச்சுட்டிக்கு நேர் மேலே "ட்ரையல் வெர்ஷன்" என்று ஒரு முத்திரை விழும். பணம் கட்டினால் எடுத்துவிடுவார்கள்.

இப்படிப் பணம் கட்டி வாங்கும் பல கன்வெர்ட்டர்களைத் திறந்து பார்த்தால் உள்ளே இருப்பது எஃப்எஃப்எம்பெக். 2000ஆம் ஆண்டில் ஃபாப்ரிஸ் பெல்லார் என்ற பிரெஞ்சு நிரலாளர் தொடங்கியது. அன்று முதல் இலவசம். உரிமத்தை மதிக்காமல் அதை எடுத்துத் தங்கள் பெயரில் விற்றவர்களை, அந்தத் திட்டத்தார் ஒரு காலத்தில் "அவமானப் பலகை" என்று பட்டியல் போட்டே வைத்திருந்தார்கள். இலவசமென்று நமக்குத் தெரிந்த விஎல்சி, ஹேண்ட்பிரேக், ஷாட்கட், கேடென்லைவ் எல்லாவற்றுக்கும் அடியில் ஓடுவதும் அதன் நூலகங்கள்தான். 2021 பிப்ரவரியில் செவ்வாயில் இறங்கிய பெர்சிவரன்ஸ் ஊர்தி, தான் இறங்கும் காட்சியைப் படம் பிடித்துச் சுருக்கியதும் எஃப்எஃப்எம்பெக்கை வைத்துத்தான். செவ்வாயிலிருந்து பூமிக்குப் படம் ஒழுங்காக வந்தது. மடிப்பாக்கத்திலிருந்து அத்தை வீட்டு டிவிக்குத்தான் வராது.

சரியான தளத்துக்கே போய்விட்டாலும் மனம் தளர வேண்டாம். 2017 மே மாதத்தில் ஹேண்ட்பிரேக்கின் பதிவிறக்க சர்வர் ஒன்றில் யாரோ புகுந்து, மேக் பதிப்பு இருந்த இடத்தில் ஒரு ட்ரோஜனை வைத்துவிட்டுப் போனார்கள். சில நாள் கழித்துத்தான் விஷயம் தெரிந்தது. இறக்கிய ஃபைல் அசல்தானா என்று ஒப்பிட்டுப் பார்க்கத் தளத்தில் எழுத்தும் எண்ணுமாக ஒரு நீளமான சரிபார்ப்புக் குறி கொடுத்திருப்பார்கள். அந்தப் பக்கமே திரும்பாதீர்கள்.

எஃப்எஃப்எம்பெக்கையே இறக்கிவிட்டவர்கள் அதை டபுள் கிளிக் செய்ய வேண்டும். கறுப்பு ஜன்னல் ஒன்று கண்சிமிட்டும் நேரத்துக்கு வந்து மறையும். கட்டளை கொடுத்து ஓட்ட வேண்டிய மென்பொருள், வேறென்ன செய்யும்? "வைரஸ் போல இருக்கு" என்று சொல்லி அழித்துவிட்டு, மறுபடி பச்சைப் பொத்தானுக்கே போங்கள்.

படி 2: டிவிடியைக் காப்பி எடுக்காதீர்கள்

கடையில் விற்ற சினிமா டிவிடி அச்சில் அழுத்திச் செய்தது. ஸ்டுடியோக்காரர் கொடுத்தது அப்படியல்ல. சாயப் பூச்சின் மேல் லேசர் சுட்டு எழுதியது. வருஷம் ஆக ஆக, வெயில் பட்டுப் பட்டு, அந்தச் சாயம் வெளிறும். ஆகவே, முதலில் டிஸ்க் முழுவதையும் அப்படியே ஹார்டு டிஸ்கில் ஏற்றிவிட்டு, பிறகு எல்லா வேலையையும் அந்தக் காப்பியில் செய்வதுதான் விவரம் தெரிந்தவர்கள் வழக்கம். நாம் அப்படிச் செய்யக் கூடாது. டிஸ்கை டிரைவில் சுழலவிட்டு, அதிலிருந்தே நேரடியாக மாற்ற வேண்டும். பாதியில் நின்றால் வெளியே எடுத்து வேட்டி நுனியால் வட்டமாகத் துடையுங்கள். கீறல் தெரிந்தால் பற்பசை தடவச் சொல்லி யாராவது ஒருவர் யோசனை சொல்வார்; மறுக்காதீர்கள்.

டிடிரெஸ்க்யூ என்று ஓர் இலவச மென்பொருள் இருக்கிறது. கீறல் விழுந்த டிஸ்கில் நன்றாகப் படிக்க முடிகிற பகுதிகளை எல்லாம் முதலில் எடுத்து வைத்துக்கொண்டு, அடம் பிடிக்கிற இடத்துக்குப் பிறகு திரும்பி வந்து மறுபடி மறுபடி முயலும். எது வந்தது, எது வரவில்லை என்று கணக்கும் வைத்துக்கொள்ளும். இன்று நிறுத்தி நாளை தொடரலாம். இப்படி ஒன்று இருப்பது வீட்டில் யாருக்கும் தெரிய வேண்டாம்.

படி 3: பெயரை மாற்றினால் ஃபைல் மாறிவிடும்

டிவிடியைத் திறந்தால் உள்ளே ஒரு ஃபோல்டர், அதில் 1 ஜிபி அளவுக்குத் துண்டு போட்ட ஃபைல்கள் வரிசையாக இருக்கும். எல்லாவற்றுக்கும் விஓபி என்று வால். அவற்றை லேப்டாப்புக்கு இழுத்துப் போட்டு, அந்த வாலை அழித்துவிட்டு எம்பி4 என்று அடியுங்கள். "மாற்றினால் ஃபைல் பயன்படாமல் போகலாம்" என்று விண்டோஸ் எச்சரிக்கும். அது எல்லாவற்றுக்கும் அப்படித்தான் சொல்லும்.

இப்போது விஎல்சியில் போட்டுப் பாருங்கள், ஓடும். 1996இல் பாரீஸ் பொறியியல் கல்லூரி ஒன்றில் மாணவர்கள் ஆரம்பித்த அந்த பிளேயர், ஃபைலின் வாலை நம்பாமல் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்து ஓட்டும். அது ஓட்டியதை வைத்து, நீங்கள் மாற்றிவிட்டதாக முடிவுக்கு வரலாம். பென்டிரைவில் போட்டு அத்தை வீட்டுக்குக் கொடுத்து அனுப்புங்கள்.

"ஏண்டா கண்ணா, ஃபைல் சப்போர்ட் பண்ணலைன்னு டிவியில வருதே?"

"எங்க கம்ப்யூட்டர்ல நல்லா ஓடுச்சே அத்தை. உங்க டிவிதான் பழசு."

படி 4: கொதித்ததை மறுபடி கொதிக்க வையுங்கள்

இதுதான் இந்தக் கலையின் உயிர்நாடி. எம்பி4, எம்கேவி, ஏவிஐ, விஓபி என்பதெல்லாம் பாத்திரங்கள். உள்ளே இருக்கும் படத்தை எந்த முறையில் சுருக்கியிருக்கிறது என்பது வேறு விஷயம். டிவிடியில் இருப்பது எம்பெக்-2. இப்போதைய ஃபைல்களில் பெரும்பாலும் எச்.264 அல்லது எச்.265. தூக்கில் இருக்கும் சாம்பாரை டப்பாவுக்கு மாற்ற யாரும் அதை மறுபடி அடுப்பில் ஏற்றுவதில்லை. வீடியோவில் மட்டும் எல்லோரும் ஏற்றுகிறார்கள், நீங்களும் ஏற்றுங்கள்.

எஃப்எஃப்எம்பெக்கில் "மைனஸ் சி, இடைவெளி, காப்பி" என்று ஒரு சொல் சேர்த்தால் போதும். படத்தையும் ஒலியையும் தொடாமல், பாத்திரத்தை மட்டும் மாற்றித் தரும். சிடுக்கில்லாத ஃபைலாக இருந்தால் டிவிடித் துண்டு ஒன்று எம்கேவிக்குப் போய்ச் சேர, காப்பி ஆறுகிற நேரம்கூட ஆகாது. ஒரு புள்ளிகூடக் குறையாது. லேப்டாப் ஃபேனும் சத்தம் போடாது. இவ்வளவு சீக்கிரம் முடிந்தால், நீங்கள் வேலை செய்ததாக வீட்டில் யார் நம்புவார்கள்? ஆகவே முழுக்க மறுபடி சுருக்குங்கள். முதலில் விஓபியை ஏவிஐ ஆக்குங்கள். ஏவிஐ 1992இல் மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்தது, மரியாதைக்குரிய வயது. பிறகு ஏவிஐயை எம்பி4 ஆக்குங்கள். பிறகு அதை வாட்ஸ்அப்பில் உங்களுக்கே அனுப்பி, அங்கிருந்து இறக்கி, அதை மறுபடி மாற்றுங்கள். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கழியும். கழிந்தது திரும்பி வராது.

படி 5: அட்சதையை கவனிக்காதீர்கள்

வீடியோவைச் சுருக்கும் மென்பொருள், படம் படமாக முழுதும் எழுதி வைப்பதில்லை. முந்தைய படத்திலிருந்து எது மாறியது, எது எந்தப் பக்கம் நகர்ந்தது என்பதை மட்டுமே எழுதுகிறது. மேடைக்குப் பின்னால் தொங்கும் வெல்வெட் திரை மூன்று மணி நேரமும் அசையாது. அதற்குச் செலவே இல்லை. வரவேற்பில் வரிசையாக வந்து மொய்க்கவர் கொடுத்துவிட்டு, கேமராவைப் பார்த்து விறைத்து நிற்பவர்களுக்கும் செலவு குறைவு.

முகூர்த்த நேரம் அப்படியல்ல. "கெட்டிமேளம், கெட்டிமேளம்" என்று குரல் எழுந்ததும், மண்டபத்தில் இருக்கிற அத்தனை பேரும் ஒரே நேரத்தில் அட்சதை தூவுகிறார்கள். ஆயிரக்கணக்கான அரிசி, ஒவ்வொன்றும் தன் போக்கில், தன் வேகத்தில், முந்தைய படத்தில் இல்லாத இடத்தில். பின்னால் ஹோமப் புகை. அதற்கும் பின்னால் சரிகை மினுக்கம். சுருக்கும் மென்பொருளுக்கு இதைவிடக் கொடுமையான காட்சி வேறு இல்லை. கல்யாணத்திலேயே முக்கியமான சில நொடிகளும், வீடியோவிலேயே சுருக்கக் கடினமான சில நொடிகளும் ஒன்றாகவே அமைந்திருக்கின்றன. ஆகவே கெடுக்க நினைப்பவர் அதிகம் சிரமப்பட வேண்டியதில்லை. நொடிக்கு இத்தனை கிலோபிட்தான், ஒரு பிட் கூடக் கிடையாது என்று இறுக்கமாக ஓர் அளவு வைத்துவிட்டால் போதும். திரைக்கு வேண்டியதைவிட அதிகமாகவும், அட்சதைக்குப் போதாமலும் பங்கு போய்ச் சேரும். தாலி கட்டும் கை சதுரம் சதுரமாக உடையும். நாத்தனார் முடிச்சு எந்தச் சதுரத்தில் விழுந்தது என்று குடும்பமே உட்கார்ந்து விவாதிக்கலாம்.

இதற்கு மாற்றாக, தரத்தை நிலையாக வைத்து அளவை அதன் போக்கில் விடும் முறை ஒன்று இருக்கிறது. எச்.264 முறையில் சுருக்கித் தரும் எக்ஸ்264 என்ற மென்பொருளில் அதற்கு 0 முதல் 51 வரை எண் உண்டு. எதுவும் சொல்லாவிட்டால் 23. எண் குறைந்தால் தரம் கூடும். ஆறு படி ஏற்றினால் ஃபைல் ஏறத்தாழப் பாதியாகும். டிவிடி அளவுப் படத்துக்கு 18 முதல் 22 வரை வைத்தால், அட்சதை விழும்போது அதிகமும் திரை தொங்கும்போது குறைவுமாக அதுவே பார்த்துச் செலவு செய்யும். நாம் அந்த எண்ணை ஜோசியப்படி வைப்போம். ராசி எண் 5 என்றால் 5. மூலத்தைவிடப் பெரிய ஃபைல் கிடைக்கும். 45 என்றால் 45. சின்ன ஃபைலில் எல்லோரும் அரசல்புரசலாகத் தெரிவார்கள்.

வேகத்தையும் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். பட்டியலின் கடைசியில் "பிளாசிபோ" என்று ஒன்று இருக்கும். எழுதியவர்களே கேலியாக வைத்த பெயர்; அதற்கு முந்தைய வேகத்தைவிடக் கண்ணுக்குத் தெரிகிற நன்மை எதுவும் இல்லை, நேரம் மட்டும் பல மடங்கு. அதையே தேர்ந்தெடுங்கள். லேப்டாப் ராத்திரி முழுதும் சூடாக ஓடும். காலையில் அம்மா பார்த்துவிட்டு, "பாவம், பிள்ளை தூங்கவே இல்லை" என்பார்.

படி 6: தவில்காரருக்குக் கூடுதல் விரல்கள் கொடுங்கள்

அந்தக் காலத்துக் கல்யாண கேமரா நொடிக்கு 25 முழுப் படம் எடுக்கவில்லை. ஒற்றைப்படை வரிகள் ஒரு முறை, இரட்டைப்படை வரிகள் ஒரு முறை என்று நொடிக்கு 50 அரைப் படங்கள் எடுத்தது. பழைய டப்பா டிவி அதை அப்படியே காட்டியது. யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. இன்றைய திரை இரண்டு அரையையும் ஒன்றாக ஒட்டிக் காட்டும்போது, அசையாத பொருள் சரியாக இருக்கும், அசைகிற பொருளின் ஓரம் கோடு கோடாகப் பிரியும்.

இதைப் பார்க்கச் சிறந்த இடம் தவில். வலது கையில் கூடு மாட்டிய விரல்கள் பாயும்போது ஒவ்வொரு விரலும் இரண்டாகக் கிழிந்து, நடுவே படுக்கைக் கோடுகள் நிற்கும். அதைச் சரி செய்ய எஃப்எஃப்எம்பெக்கில் யாடிஃப் என்று ஒரு வடிகட்டி உண்டு. ஹேண்ட்பிரேக்கிலும் அதற்கென்று ஒரு பெட்டி உண்டு. சரியாகப் போட்டால் 50 அரையையும் 50 முழுப் படமாகவே ஆக்கி, கை ஓட்டம் அன்று மண்டபத்தில் பார்த்தபடி வழுக்கிக்கொண்டு போகும். போடாதீர்கள். கோடுகளோடு சேர்த்தே சுருக்கிவிட்டால், பிறகு யார் நினைத்தாலும் அவற்றை ஒழுங்காகப் பிரிக்க முடியாது.

படி 7: மாப்பிள்ளையை அகலமாக்குங்கள்

டிவிடிப் படம் 720க்கு 576 புள்ளி. பழைய கல்யாணங்கள் பெரும்பாலும் நாலுக்கு மூன்று என்ற விகிதத்தில் எடுத்தவை. டிவியோ பதினாறுக்கு ஒன்பது. இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வருவது சரியான நிலைமை. ஆனால் வீட்டுப் பெரியவர்களுக்கு அது பிடிக்காது: "காசு குடுத்து 55 இன்ச் வாங்கிட்டு, ஏன் நடுவுல மட்டும் படம் வருது?" அவர்கள் சொல்லுக்கு மதிப்புக் கொடுத்து இழுத்துவிடுங்கள். ஒவ்வொருவரும் மூன்றில் ஒரு பங்கு அகலமாவார்கள். கல்யாணத்தின்போது ஒல்லியாக இருந்ததற்கு மாப்பிள்ளையிடம் இருந்த ஒரே சாட்சியும் போய்விடும்.

அத்தோடு நிற்காமல் 4கே ஆக்குங்கள். 4கே படத்தில் இருக்கும் புள்ளிகள் டிவிடிப் படத்தைப் போல் சரியாக 20 மடங்கு. ஒரு பங்குதான் கேமரா பார்த்தது. மிச்சம் 19 பங்கும் உங்கள் கம்ப்யூட்டரின் ஊகம். ஃபைல் மட்டும் ஊகமில்லாமல் வீங்கும்.

படி 8: எடிட்டிங்கில் குடும்ப அரசியலைத் தீர்த்துக்கொள்ளுங்கள்

ஷாட்கட், கேடென்லைவ், ஓப்பன்ஷாட் மூன்றும் இலவசம், திறந்த மூலம். டாவின்சி ரிசால்வுக்கும் காசில்லாத பதிப்பு இருக்கிறது; ஆனால் அதன் மூல நிரலை யாருக்கும் காட்ட மாட்டார்கள். எதைத் திறந்தாலும் முதல் வேலை மாற்றக் காட்சிகளைத் தேடுவது. அசல் வீடியோவில் இதய வடிவமும், ரோஜா இதழ் மழையும், சுழன்று திரும்பும் பெட்டியும், மணமக்களுக்குப் பின்னால் சுவிஸ் மலையும் ஏற்கெனவே இருக்கும். அவற்றின் மேல் நீங்களும் இன்னொரு முறை போடுங்கள்.

பிறகு யாரை வெட்டுவது என்ற கேள்வி. நிலத்தகராறுக்குப் பிறகு பேச்சு நின்றுபோன பங்காளிகளை வெட்டச் சொல்லிப் பெரியப்பா கேட்பார். அவர்கள் மாலை எடுத்துக் கொடுக்கிற இடத்தில் நிற்கிறார்களே என்று நீங்கள் கேட்கக் கூடாது. தரம் குறையாமல் வெட்ட லாஸ்லெஸ்கட் என்ற இலவச மென்பொருள் போதும். மறுபடி சுருக்காமல் நறுக்கித் தரும். ஒரே ஒரு நிபந்தனை, முழுப் படமாக எழுதப்பட்ட இடத்திலிருந்துதான் சுத்தமாக ஆரம்பிக்கும். டிவிடியில் அரை நொடிக்கு ஒரு முழுப் படம் வரும், தொந்தரவில்லை. எக்ஸ்264இன் வழக்கமான அமைப்பில் ஒரு முழுப் படத்துக்கும் அடுத்ததற்கும் இடையே 250 படம் வரை போகலாம். நொடிக்கு 25 என்றால் பத்து நொடி. அதாவது, தாலி கட்டும் இடத்திலிருந்து வெட்டினால் அதற்குப் பத்து நொடி முன்பு, கேமராக்காரர் "சார், கொஞ்சம் நகருங்க சார்" என்று யாரையோ விரட்டுவதிலிருந்து ஆரம்பிக்கும். வெட்டுகிற வேலையை அசல் டிவிடிக் காப்பியில் முதலிலேயே முடித்திருந்தால் இது வராது. நாம் கடைசியில் செய்வோம்.

எடிட்டிங் முடிந்ததும், இடம் அடைக்கிறது என்று மூல ஃபைல்களை அழியுங்கள். புராஜெக்ட் ஃபைல் சேமித்தாயிற்றே என்று தைரியமாக இருங்கள். அந்தப் புராஜெக்ட் ஃபைலுக்குள் படம் எதுவும் இல்லை. எந்த ஃபைலில் எங்கிருந்து எதுவரை என்ற குறிப்பு மட்டும்தான். அடுத்த முறை திறக்கும்போது நலங்கும் ஊஞ்சலும் இருந்த இடத்தில் "ஃபைல் கிடைக்கவில்லை" என்று வரும்.

படி 9: நட்சத்திரக் குறியை நம்புங்கள்

லினக்ஸோ மேக்கோ வைத்திருப்பவர்களுக்கு மட்டும் கிடைக்கும் விசேஷப் பாக்கியம் இது. ஐந்து விஓபி ஃபைல்களை ஒன்றாக்க வேண்டும். ஒவ்வொரு பெயராக அடிக்கச் சோம்பல். ஆகவே எஃப்எஃப்எம்பெக்குக்கு "மைனஸ் ஐ" என்று உள்ளீட்டுக் குறி போட்டு, பக்கத்தில் நட்சத்திரம் புள்ளி விஓபி என்று அடித்து, கடைசியில் புது ஃபைலின் பெயரைக் கொடுங்கள். அந்த நட்சத்திரத்தை, கட்டளை ஓடுவதற்கு முன்பே, கம்ப்யூட்டர் ஐந்து பெயராக விரித்துவிடும். "மைனஸ் ஐ" முதல் பெயருக்கு மட்டும்தான் சேரும். மிச்சம் நாலும் எழுத வேண்டிய ஃபைல்கள் என்று எஃப்எஃப்எம்பெக் எடுத்துக்கொள்ளும்.

அது நல்ல பிள்ளை, "ஏற்கெனவே இருக்கிறது, மேலே எழுதவா?" என்று ஒவ்வொன்றுக்கும் கேட்கும். இந்தத் தொல்லை வேண்டாம் என்றுதான், எங்கோ பார்த்து எடுத்த கட்டளையில் முன்கூட்டியே "மைனஸ் ஒய்" என்று சேர்த்திருப்பீர்கள். எல்லாவற்றுக்கும் ஆமாம் என்று அர்த்தம். முதல் ஃபைலில் இருப்பது முந்தின நாள் மாலை வரவேற்பு. ஒரு மணி நேரம் கழித்து வந்து பார்த்தால் ஐந்து ஃபைலிலும் வரவேற்பு. முகூர்த்தம், நலங்கு, கட்டுச்சாதக்கூடை எல்லாமே வரவேற்பு. படி 2ஐ ஒழுங்காகக் கடைப்பிடித்து, வேறு காப்பி எதுவும் எடுத்து வைக்காமல், டிஸ்கையும் பற்பசையால் தேய்த்து முடித்திருந்தால், காரியம் பரிபூரணம்.

படி 10: விநியோகம்

பென்டிரைவ் பழைய ஃபேட்32 முறையில் இருந்தால் 4 ஜிபிக்கு மேல் ஒரே ஃபைலாக ஏறாது. "டிஸ்கில் இடம் இல்லை" என்று நினைத்து இன்னொரு பென்டிரைவ் வாங்குங்கள். அதிலும் ஏறாமல் போகலாம். எக்ஸ்ஃபேட் முறைக்கு ஃபார்மட் செய்தால் ஏறும் என்று சொல்பவரை நம்பாதீர்கள். ஊருக்கு ஒரே ஃபைலை வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது, வீடியோவாகவே அனுப்புங்கள். அது தன் பங்குக்கு இன்னொரு முறை சுருக்கும். டாக்குமென்டாக அனுப்பினால் 2 ஜிபி வரை தொடாமல் அப்படியே போய்ச் சேரும். 2022இலிருந்து அந்த வசதி இருக்கிறது. யூடியூபில் ஏற்றினால் நலங்குக்குப் பின்னால் ஸ்டுடியோக்காரர் போட்ட சினிமாப் பாட்டு, பாட்டின் உரிமையாளர் பெயரில் கோரிக்கையாகத் திரும்பி வரும். சில வேளை அந்த இடம் மட்டும் ஊமைப்படமாக ஓடும்.

எச்சரிக்கை: இவற்றைச் செய்தால் வீடியோ நன்றாக வந்துவிடும் அபாயம் உண்டு

டிஸ்கை முதலில் முழுதாகக் காப்பி எடுப்பது. அந்தக் காப்பியை இரண்டு இடத்தில் வைத்து, எந்தக் காலத்திலும் தொடாமல் விடுவது. மென்பொருளைப் பெயர் சொல்லித் தேடி, எழுதியவர்கள் தளத்திலிருந்தே இறக்குவது. பாத்திரத்தை மட்டும் மாற்றினால் போதுமா என்று முதலில் பார்ப்பது. மாற்றியே ஆக வேண்டும் என்றால் அசலிலிருந்து ஒரே ஒரு முறை, அரைப் படங்களைச் சரி செய்து, விகிதத்தைக் காப்பாற்றி, எச்.264 படமும் ஏஏசி ஒலியுமாக எம்பி4இல் போடுவது. இன்று கடையில் விற்கும் எந்த டிவியும் எந்த போனும் அநேகமாக அதை மறுக்காது. முழு மூன்று மணி நேரத்தையும் ஓட விடுவதற்கு முன், தாலி கட்டும் இரண்டு நிமிடத்தை மட்டும் எடுத்து மாற்றி, அத்தை வீட்டு டிவியில் போட்டுப் பார்ப்பது. அட்சதை தாங்கினால் மற்றதெல்லாம் தாங்கும்.

இப்படிச் செய்தவர்களுக்கு நேர்ந்ததையும் சொல்லிவிட வேண்டும். வீடியோ பளிச்சென்று ஓடும். குடும்பம் மொத்தமும் உட்கார்ந்து பார்க்கும். பத்தாவது நிமிடத்தில் மாமி, "நான் மைசூர் சில்க்ல வர்ற இடத்தை மட்டும் வெட்டி அனுப்புறியாப்பா?" என்று கேட்பார். சித்திக்குப் பந்தி பரிமாறும் இடம் மட்டும் வேண்டும்; இப்போது இல்லாத தாத்தா, அங்கே இலை இலையாக நின்று "இன்னும் கொஞ்சம் பாயசம்" என்று கேட்டுக்கொண்டே போகிறார். மூன்றாவது வரிசையில் தூங்கும் ஒருவரை மட்டும் வெட்டி, குரூப்பில் போட்டு மானத்தை வாங்க வேண்டும் என்பது மச்சானின் கோரிக்கை. ஆளுக்கு ஒரு துண்டு, ஆளுக்கு ஒரு போன்.

கெடுத்தவருக்கு ஒரு நாள் திட்டோடு போகும். கெடுக்காமல் கொடுத்தவருக்குப் பெரியப்பாவிடமிருந்து போன் வரும்: "எங்க கல்யாணம் கேசட்ல இருக்குப்பா, பெரிய கேசட்டு, வீடியோ டெக்குல போடுறது. டெக்கு இல்ல. அதனால என்ன, நீதான் கம்ப்யூட்டர் படிச்சிருக்கியே?"